பீங்கானும் கல்லும்

கடல்வழி வந்தவர்கள்: பகுதி 11

எங்கள் அம்மம்மாவின் குசினியில் ஒரு நீலக்கோட்டுப் பீங்கான் இருந்தது. அது எங்களுடையதா, பக்கத்து வளவுக்காரருடையதா என்பது எனக்கு இன்றும் தெளிவில்லை. அத்தனை தரம் வேலியைத் தாண்டிப் போய் வந்தது. அங்கிருந்து கொழுக்கட்டையோடு வரும். இங்கிருந்து மோதகத்தோடு போகும். திருப்பிக் கொடுக்க வீட்டில் ஒன்றும் இல்லாத நாளில் நாலு பச்சைமிளகாயாவது ஒரு பிடி சீனியாவது அதில் இருக்கும். “வெறும் பீங்கானைக் குடுத்து விடாதை பிள்ளை, அது முறையில்லை” என்பார் அம்மம்மா. ஏன் முறையில்லை என்று நாங்கள் கேட்டதில்லை. யாழ்ப்பாணத்து இணுவிலில் முறை என்ற சொல்லுக்கு விளக்கம் கேட்கிற வழக்கம் அந்த நாளில் இல்லை.

சென்ற கிழமை அல்லைப்பிட்டியில் கிடைத்த சொங் காலத்துச் சீனப் பீங்கான் ஓடுகளைப் பற்றி எழுதியிருந்தேன். படித்த ஒரு நண்பர் கேட்டார்: “சட்டி பானை வந்தது சரி. அதைக் கொண்டு வந்த சனங்கள் எதைப் பெரிதாக மதித்தார்கள்? அதில் ஏதாவது இந்தக் கரைக்கு வந்ததா?” நல்ல கேள்வி. சீனி, சீனவெடி, சீனச்சட்டி என்று அவர்களின் பெயர் தாங்கிய பொருள்கள் எங்கள் வாயில் புழங்குகின்றன. பீங்கான் என்ற சொல் பாரசீகம் தந்தது, பொருளோ சீனத்தது. பொருளுக்குப் பின்னால் இருந்த மனிதரின் மனம் எப்படிப்பட்டது? இந்தக் கிழமை அதைத்தான் தேடுகிறேன். தேடுவதற்கு மூன்று பொருள்கள் இருக்கின்றன: ஒரு பயணக் குறிப்பு, ஒரு பட்டு விசிறி, ஒரு கல்.

பயணக் குறிப்பை எழுதியவர் மா ஹுவான். சீனத்தின் செச்சியாங் பகுதியில் பிறந்த முஸ்லிம், மொழிபெயர்ப்பாளர். 1413இல் புறப்பட்ட மிங் அரசின் கப்பற் படையோடு முதன்முதலாகக் கடலேறியவர். இலங்கையைப் பற்றி அவர் எழுதிய பக்கங்களில் வருவது பேருவளையை அண்டிய தென்மேற்குக் கரை. எங்கள் பட்டினங்கள் எதுவும் அதில் இல்லை. ஆனாலும் வாசிக்கும்போது எனக்கு இணுவில் முற்றந்தான் தெரிகிறது. பெரிய வீடோ சின்னக் குடிலோ, விடிய எழும்பி மாட்டுச் சாணத்தைத் தண்ணீரில் கரைத்து நிலத்துக்கு மெழுகி, அதன் பிறகே கும்பிடுகிறார்கள் என்கிறார். சாணத்தைச் சுட்ட சாம்பலை உடம்பெல்லாம் பூசுகிறார்கள், பசுவின் பாலைக் குடிப்பார்கள், இறைச்சியைத் தொடமாட்டார்கள், பசு செத்தால் புதைப்பார்கள் என்கிறார். அரசன் சோழியர் இனத்தவன் என்றும் ஒரு குறிப்பு உண்டு. தென்னையிலிருந்து எண்ணெயும் கள்ளும் வெல்லமும் எடுப்பதைக்கூட அவர் விடவில்லை.

பிறகு செத்தவீட்டைப் பற்றி வருகிறது. ஒருவர் இறந்தால் உறவுப் பெண்களும் அயற்பெண்களும் கூடி, இரண்டு கைகளாலும் மார்பில் அடித்துக் குரலெடுத்து அழுவார்கள் என்று எழுதுகிறார். எங்கள் ஊர்ச் செத்தவீடுகளில் மாரடித்து ஒப்பாரி சொன்ன கிழவிமாரைக் கண்டவர்களுக்கு இது புதிதல்ல. புதிதாக இருப்பது அவர் அந்த வசனத்தை முடிக்கிற சொல். அந்த அழுகையை அவர் காட்டுமிராண்டித்தனம் என்று எழுதவில்லை, கூச்சல் என்றும் எழுதவில்லை. ‘லீ’ என்று எழுதினார். இது இவர்களின் லீ.

சீன நாகரிகத்தில் இதைவிடக் கனமான சொல்லைக் காண்பது அரிது. சடங்கு என்றும் மரியாதை என்றும் ஒழுங்கு என்றும் பெயர்க்கிறார்கள். எனக்குக் கிட்ட நிற்பது அம்மம்மாவின் சொல்தான்: முறை. அந்தச் சொல்லை எழுதும் சீன எழுத்தின் ஒரு பாதி தெய்வத்தைக் குறிக்கும். மறுபாதி படையல் வைத்த பாத்திரத்திலிருந்து பிறந்தது. பாத்திரத்தை நிறைத்துத்தான் தெய்வத்தின் முன்னும் மனிதரின் முன்னும் போக வேண்டும். பழைய சீனச் சடங்கு நூல்கள் ஒருபடி மேலே போய், வந்ததற்குப் பதில் போகாவிட்டால் அது லீ ஆகாது என்று வைத்தன. நீலக்கோட்டுப் பீங்கானின் கதை அங்கேயும் நடந்திருக்கிறது.

இதற்குத் தத்துவ உருவம் கொடுத்தவர் கொன்பூசியஸ். கி.மு. 551இல் இன்றைய ஷான்டொங் மாகாணத்தில் இருந்த லூ என்ற சிற்றரசில் பிறந்தவர். பிற்காலத்தார் அவருடைய போதனையை ஐந்து குணங்களாகத் தொகுத்தார்கள்: அன்புடைமை, நேர்மை, முறை, அறிவு, சொன்ன சொல் காத்தல். ஐந்துக்கும் அடியில் பெற்றோரைப் பேணுதல் கிடக்கிறது. பெற்றவர் இறந்தால் மூன்றாண்டு துக்கம் காக்க வேண்டும் என்பது அக்கால வழக்கம். ஒரு மாணவன், ஓராண்டு போதாதா என்று கேட்டான். ஓராண்டோடு நல்ல சோறும் பட்டுடையும் உனக்கு நிம்மதியாக இருக்குமானால் அப்படியே செய் என்றார் ஆசிரியர். அவன் போனபின் மற்றவர்களிடம், பிள்ளை தாய் தகப்பனின் கையை விட்டு இறங்கவே மூன்றாண்டு ஆகிறதே என்று வருந்தினார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும், ஆண்டுத் திவசமும், ஆடி அமாவாசைக்குக் கீரிமலையும் என்று வாழ்கிற எங்களுக்கு இந்தக் கணக்கு நன்றாக விளங்கும்.

முன்னோரை மறவாத சனங்கள் சில முன்னோரைத் தெய்வமாகவும் ஆக்கிவிடுவார்கள். இணுவிலில் இளந்தாரி கோயில் இருக்கிறது. நாங்கள் கும்பிடுகிற இளந்தாரி இதே மண்ணில் மனிதராக நடந்து திரிந்தவர் என்பது ஊரின் உறுதியான நம்பிக்கை. சீனத்தின் புகியான் கரையில் மெய்சோ என்ற தீவில் பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த லின் குடும்பத்துப் பெண்பிள்ளை ஒருத்தி, கடலில் தவிப்போரைக் காக்கும் மாட்சு என்ற தெய்வமானாள். 1431இல் பெருங்கப்பற்படையின் தலைவர் செங் ஹ, புகியானில் சாங்லே என்ற இடத்தில் அவளுக்கு நன்றி சொல்லிக் கல்வெட்டு நாட்டினார். செங் ஹ முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர், தகப்பனார் ஹாஜி. ஆனாலும் அந்தப் பெண்தெய்வத்துக்கு நன்றி சொல்ல அவருக்குத் தடை இருக்கவில்லை.

இந்த முறை எல்லோரையும் ஒரே மாதிரி நடத்தியது என்று நான் எழுதினால் அது பொய். அது மேல் கீழ் பார்த்தது. பெண்ணைத் தகப்பனுக்கும் கணவனுக்கும் மகனுக்கும் கீழே வரிசையில் நிறுத்தியது. கைம்பெண் மறுமணம் செய்யாமல் இருப்பதைப் புகழ்ந்து வளைவுகள் கட்டியது. நாங்களும் அதைச் சொல்லிக் கைகழுவ முடியாது. முறை என்ற இதே சொல்லைச் சொல்லித்தான் எங்கள் பகுதியில் கிணற்றிலும் கோயில் வாசலிலும் மனிதரை மறித்தார்கள். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் நுழைய உரிமை கேட்டு வாசலில் நின்ற ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு எதிராக உயர்த்தப்பட்ட சொல்லும் முறைதான். ஒரு சொல்லை மதிக்கிறவன் அது செய்த கொடுமையையும் சேர்த்து எழுத வேண்டும்.

விசிறிக்கு வருகிறேன். இதற்கு மா ஹுவானுக்கும் ஆயிரம் ஆண்டு முன்னால் போக வேண்டும்.

பாகியன் என்ற சீனப் பௌத்தத் துறவியைப் பற்றிப் பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். பரீட்சைக்கு ஒரு வரி, அதோடு போய்விடுகிறார். அந்த மனிதர் 399ஆம் ஆண்டு சாங்கான் நகரிலிருந்து கால்நடையாகப் புறப்பட்டபோது அறுபது வயதை அண்டியவர், அல்லது தாண்டியவர். போன காரணம் எளிது. தன் நாட்டில் துறவிகளுக்குரிய விநய விதிகள் குறையும் சிதைவுமாக இருந்தன. முழுமையான நூல்களைக் கொண்டுவர வேண்டும். கோபி மணற்காடு, பாமீர் மலை, பனி. கூடப் போனவர்களில் ஒருவர் பனிமலையில் அவருடைய கையில் உயிர்விட்டார். அந்த உடம்பைத் தடவி அழுதுவிட்டு நடையைத் தொடர்ந்தார். சிலர் பாதியில் திரும்பினார்கள். கடைசித் துணையாக இருந்தவர் இந்தியாவிலேயே தங்கிவிட்டார். வங்கக் கரையின் தாமிரலிப்தியில் கப்பலேறிப் பதினான்கு நாள் ஓடி, தனி ஆளாக இலங்கைக்கு வந்து சேர்ந்தார். அது 410ஆம் ஆண்டு அளவில்.

இந்தத் தீவில் ஆதியில் மனிதர் இல்லை, பேய்களும் நாகர்களுமே இருந்தார்கள் என்று அவர் கேட்டதை எழுதி வைத்தார். நாகர்கள் தங்களைக் காட்டமாட்டார்களாம். பொருளை வைத்து விலையையும் குறித்துவிடுவார்கள். பிறநாட்டு வணிகர் விலையை வைத்துவிட்டுப் பொருளை எடுத்துப் போவார்கள். நாகதீபம் என்று பழம்பெயர் கொண்ட எங்கள் குடாநாட்டார் இதைச் சும்மா தாண்டிப் போக முடியாது. கதைதான். ஆனால் ஒரு சீனத் துறவி, முகம் காணாத இரு தரப்பார் ஏமாற்றாமல் கொடுக்கல் வாங்கல் செய்த கதையைத் தேடி எடுத்து நாட்டின் தொடக்கமாக வைத்திருக்கிறார். சொன்ன சொல் காத்தலை ஐந்து குணங்களில் ஒன்றாக எண்ணிய நாட்டில் பிறந்தவரின் கண் அது.

அனுராதபுரத்து அபயகிரி விகாரையில் பச்சைக் கல்லால் ஆன உயர்ந்த புத்தர் சிலை ஒன்று இருந்தது. ஒரு நாள் அதன் பக்கத்தில் நின்றபோது, யாரோ ஒரு வணிகன் காணிக்கையாக வைத்துவிட்டுப் போன வெள்ளைப் பட்டு விசிறியைக் கண்டார். அவருடைய சொந்த நாட்டுப் பட்டு. ஊரை விட்டுப் புறப்பட்டுப் பத்தாண்டுக்கு மேலாகிவிட்டது. பேசிப் பழகிய மனிதர் எல்லாரும் பிறமொழிக்காரர். மலையும் ஆறும் மரமும் புல்லும்கூடப் பழகாதவை. உடன் வந்தவர்களில் யாரும் பக்கத்தில் இல்லை. விசிறியைப் பார்த்ததும் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது என்று தானே எழுதி வைத்திருக்கிறார்.

துறவி அழலாமா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். எனக்கு அவர் மேல் நம்பிக்கை வந்தது அந்த வரியில்தான். ரொறன்ரோவில் ஒரு தமிழ்க் கடையில் பனங்கட்டிக் குட்டானைக் கண்டு நின்ற இடத்தில் நின்றுவிட்ட எங்கள் சனங்கள் எத்தனை பேர்! ஆனால் பாகியன் அந்த அழுகையோடு கப்பலேறி ஊருக்குப் போய்விடவில்லை. வந்த வேலை முடியவில்லை. இன்னும் நூல்கள் வேண்டியிருந்தன. மொத்தம் இரண்டாண்டு இங்கே இருந்து மகீசாசகப் பிரிவின் விநயத்தையும் ஆகம நூல்களையும் தேடிப் பெற்றார்.

திரும்பும் வழியில் புயல். இருநூறு பேர் ஏறிய கப்பலில் ஓட்டை விழுந்தது. வணிகர்கள் பாரம் குறைக்கப் பொருள்களைக் கடலில் எறிந்தார்கள். பாகியனும் தன் தண்ணீர்க் குடுவையையும் கைகழுவும் பாத்திரத்தையும் எறிந்தார். அவர் பயந்தது ஒன்றுக்குத்தான்: நூல் மூட்டையைப் பிடுங்கி எறிந்துவிடுவார்களோ. எறியவில்லை. தென்கிழக்காசியத் தீவொன்றில் ஐந்து மாதம் தங்கி வேறு கப்பல் ஏறினார். அதிலும் புயல். இந்தத் துறவியை ஏற்றியதால்தான் எங்களுக்குக் கேடு, ஒரு தீவில் இறக்கிவிடுவோம் என்று கப்பலில் இருந்த பிராமணர்கள் பேசினார்கள். அவரை ஆதரித்த ஒரு வணிகன், இவரை இறக்குவதானால் என்னையும் இறக்குங்கள், அல்லது கொன்றுவிடுங்கள், கரையேறினால் அரசனிடம் முறையிடுவேன் என்று குறுக்கே நின்றான். வழி தவறி, தண்ணீரும் சோறும் தீர்ந்து, 412இல் ஏதோ ஒரு கரையில் ஒதுங்கினார்கள். எந்த நாடு என்று யாருக்கும் விளங்கவில்லை. கரையில் முளைத்திருந்த கீரையைக் கண்டார் பாகியன். அவருக்குப் பழகிய கீரை. இது என் நாடுதான் என்று அறிந்தார்.

அவர் போன வழி அடைபடவில்லை. இருபது ஆண்டளவில் இலங்கைப் பிக்குணிகள் கடல் தாண்டி இன்றைய நான்ஜிங்குக்குப் போய், சீனப் பெண்களுக்கு முறைப்படி துறவு கிடைக்க வழி செய்தார்கள். பீங்கான் வெறுமையாகத் திரும்பவில்லை.

இனிக் கல்.

1409 பெப்ரவரி 15க்கு ஒத்த சீன நாள் பொறித்த அந்தக் கல்லில் மூன்று மொழிகள்: சீனம், தமிழ், பாரசீகம். மேலே இரண்டு டிராகன்கள். உயரம் ஐந்தடிக்குச் சற்றுக் குறைவு. மிங் பேரரசர் யொங்லேயின் பெயரால் செங் ஹ இலங்கைக்குக் கொண்டுவந்தது. மூன்றும் ஒன்றின் மொழிபெயர்ப்பு மற்றொன்று என்று நினைப்பீர்கள், இல்லை. சீன எழுத்து புத்தரை வணங்குகிறது. தமிழ் எழுத்து, தெற்கே இன்று தெவிநுவர என்று வழங்கும் ஊரில் கோயில் கொண்டிருந்த தென்னாவரை நாயனாரை வணங்குகிறது. பாரசீகம் இஸ்லாத்தின் வழியில் நிற்கிறது. கொடுத்த பொருள்களின் பட்டியல் மட்டும் ஏறக்குறைய ஒன்றே. பொன் ஆயிரம், வெள்ளி ஐயாயிரம், பட்டு நூறு, பொன்னிழை ஓடிய கொடிகள் நாலு சோடி, தூபக்கால்கள் ஐந்து, பூச்சாடிகள், விளக்குகள், பொற்றாமரைகள் ஆறு சோடி, சந்தனம், வாசனை எண்ணெய் 2500 கட்டி. ஒரு கட்டி ஏறத்தாழ அறுநூறு கிராம். எண்ணெய் மட்டும் ஒன்றரைத் தொன் வருகிறது.

எண்ணெயை நிறுத்துக் கொடுத்த அந்த மனதை நான் மெச்சுகிறேன். உங்கள் தெய்வமும் எங்கள் தெய்வமும் ஒன்றுதான் என்று அவர்கள் பூசி மெழுகவில்லை. உங்கள் தெய்வம் உங்களுடையது, உங்கள் மொழியில் அதன் பெயரைச் சொல்லி எங்கள் மரியாதையைச் செய்கிறோம் என்றார்கள். தட்டுக் குறையாமல் செய்தார்கள். கல்லிலுள்ள நாள் அந்தப் பயணத்தின் கப்பல்கள் புறப்படுவதற்கும் முந்தியது. ஆகவே நான்ஜிங்கில் வெட்டிக் கொண்டுவரப்பட்ட கல் அது என்பதே ஆய்வாளர் கருத்து. சீனத்துக்குத் தமிழ் அதற்கு முன்பே போயிருந்தது. சுவான்சோ துறைமுகத்தில் 1281இல் குப்ளாய் கானின் நலத்துக்காக ஒரு சிவன்கோயில் எழுந்ததைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு உண்டு. கோயிலின் பெயர் திருக்கானீசுவரம்.

ஆனால் அதே நான்ஜிங்கில், கல்லுக்கு ஏழாண்டு முன்னால் நடந்ததையும் சொல்ல வேண்டும். யொங்லே முறைப்படி வந்த அரசர் அல்லர். தமையன் மகன் அரியணையில் இருக்க, படை திரட்டிப் போய் 1402இல் அதைப் பறித்தவர். அந்தப் போரில் அவருக்குப் பக்கத்தில் நின்றவர்களில் செங் ஹவும் ஒருவர். முடிசூட்டு அறிவிப்பை எழுதும்படி பாங் சியாவ்ரூ என்ற கொன்பூசிய அறிஞரை அழைத்தார்கள். அந்தக் காலத்தில் அவர் எழுத்துக்கு இருந்த மதிப்பு, அறிவிப்பையே உண்மையாக்கிவிடும். எழுத மாட்டேன் என்றார். குலத்தையே அழிப்பேன் என்று மிரட்டியும் எழுதவில்லை. அவரையும் உறவினரையும் மாணவரையும் நூற்றுக்கணக்கில் கொன்றார்கள். முறை என்ற சொல்லை அரண்மனை பட்டில் சுற்றி வைத்திருந்தது. பாங் சியாவ்ரூ அதற்காகத் தன் வீட்டையே கொடுத்தார். சீன நாகரிகத்தின் உயிர் இருவரில் யாரிடம் இருந்தது என்று கேட்டால் நான் தயங்காமல் எழுத மறுத்தவரின் பெயரைச் சொல்வேன்.

யொங்லேயின் கப்பல்கள் எண்ணெயோடு படையையும் ஏற்றி வந்தன. ஒரு பயணத்தில் இருபத்தேழாயிரம் பேர் அளவில் வந்தார்கள். அன்று தெற்கே கோட்டை என்ற நகரில் அதிகாரம் வீர அழகேசுவரன் கையில் இருந்தது. அழகக்கோனார் குடும்பத்தவன். அந்தப் பெயர் யாழ்ப்பாணத்தாருக்குத் தெரிந்த பெயர். ஒரு தலைமுறைக்கு முன் நிசங்க அழகக்கோனார், தெற்கில் வரி வாங்கிக்கொண்டிருந்த ஆரியச்சக்கரவர்த்தியின் ஆட்களைக் கொன்று, கோட்டையைக் கட்டி, எங்கள் நல்லூர் அரசின் கையைத் தெற்கிலிருந்து விலக்கியவர். செங் ஹவை உள்நாட்டுக்குள் இழுத்துவிட்டுக் கப்பல்களைக் கொள்ளையிட ஆள் அனுப்பினான் என்று அழகேசுவரன் மேல் மிங் நூல்கள் குற்றம் சாட்டுகின்றன. செங் ஹ இரண்டாயிரம் வீரரோடு குறுக்கு வழியால் போய்த் தலைநகரைப் பிடித்து, அவனையும் குடும்பத்தையும் கப்பலேற்றினார். இது வென்றவன் எழுதிய கணக்கு. தோற்றவன் பக்கத்துக் கணக்கு சேராமல் நியாயம் சொல்ல என் மனம் ஒப்பவில்லை. வேறொருவனின் நாட்டில் இருபத்தேழாயிரம் பேரோடு இறங்குவது எந்த முறையில் சேரும்?

1411 ஜூலையில் கைதிகள் நான்ஜிங் அரசவையில் நிறுத்தப்பட்டார்கள். கொல்லுங்கள் என்றார்கள் அமைச்சர்கள். யொங்லே கொல்லவில்லை. அறியாமல் செய்தார்கள் என்று மன்னித்து, உணவும் உடையும் கொடுத்து, அந்தக் குடும்பத்தில் தகுதியான ஒருவரை அரசராகத் தேர்ந்தெடுக்கச் சொல்லி அடுத்த ஆண்டு திருப்பி அனுப்பினார். 1402இல் ஒரு குலத்தை அழித்த கை 1411இல் ஒரு குலத்தை விடுவித்தது. தூரத்திலிருந்து வந்தவரைக் கனிவோடு நடத்த வேண்டும் என்பது சீன அரசர்களுக்கு விதித்த கடமை. தன் வீட்டில் தவறவிட்டதைத் தூரத்தாரிடமாவது அவர் நிறைவேற்றினார் என்று எடுத்துக்கொள்ளலாம். வேறு அரசியற் காரணங்களும் இருந்திருக்கும். உயிரோடு திரும்பியவர்களுக்கு அந்த வித்தியாசம் பெரிதல்ல.

அந்தக் குழப்பத்துக்குப் பிறகு கோட்டையில் எழுந்தவர் ஆறாம் பராக்கிரமபாகு. அவருடைய வளர்ப்பு மகன் செண்பகப்பெருமாள், 1450 அளவில் வடக்கே வந்து நல்லூரைப் பிடித்தார். அது வரும் கிழமைக்கு.

கல்லின் கதை மட்டும் கொஞ்சம் மிச்சம். பூவும் எண்ணெயும் பெற்ற தென்னாவரைக் கோயிலைப் போர்த்துக்கேயர் 1588இல் இடித்துக் கொள்ளையிட்டார்கள். தூபக்கால்களும் பொற்றாமரைகளும் போன இடம் தெரியாது. கல் காலித் துறைமுகப் பட்டினத்தில் கிடந்தது. 1911இல் தொம்லின் என்ற பொறியியலாளர் அதைக் கண்டபோது, காலியில் கிரிப்ஸ் வீதித் திருப்பத்தில் ஒரு மதகுக்கு மூடுகல்லாக இருந்தது. எழுத்துள்ள முகம் கீழே. மேலே வண்டிகள் போயின. கீழே மழைத்தண்ணீர் ஓடியது. புத்தரின் பெயரும் நாயனாரின் பெயரும் அல்லாவின் பெயரும் அந்தத் தண்ணீரைப் பார்த்தபடி இருந்தன.

இப்போது கொழும்பு நூதனசாலையில் நிற்கிறது. முதன்முறை போனபோது தமிழ்ப் பகுதியை எழுத்துக்கூட்டி வாசித்தேன். நான் தேடியது எண்ணெயின் அளவை.